கற்பூரம் கேட்ட சபை: லண்டனுக்குள் பழைய அமெரிக்காவைத் தேடி ஒரு சனிக்கிழமை

1994 ஜூலையில் ஒரு சனிக்கிழமை போய்வந்த பயணம் இது. பயணம் என்று சொன்னால் சிலர் சிரிப்பீர்கள். கிங்ஸ்பரி வீட்டிலிருந்து காலை ஒன்பது மணிக்குக் கிளம்பி மாலை ஆறுக்கெல்லாம் திரும்பிவிட்டேன்; லண்டனைத் தாண்டி ஓர் அடிகூட வைக்கவில்லை. ஆனால் பார்த்த இடங்கள் அத்தனையும் அமெரிக்காவின் கதையைச் சேர்ந்தவை. அந்தப் பக்கம் குழந்தைகளோடு போகத் திட்டமிடும் இரண்டு வாசகிகள் சென்ற மாதம் வழி கேட்டிருந்தார்கள். அவர்களுக்காகத்தான் இவ்வளவு வருடம் கழித்து எழுதுகிறேன்.

போனதற்குக் காரணம் கோமதி அக்கா. என் பெரியப்பா மகள். அமெரிக்காவில் ரோட் ஐலண்டில் இருக்கிறாள். ஆகஸ்டில் லண்டன் வருவதாகத் தொலைபேசியில் சொன்னவள், "பக்கிங்ஹாம் அரண்மனை எல்லாம் எனக்கு வேண்டாம்டி. எங்க ஊரை ஆரம்பிச்ச மனுஷன் லண்டன்காரர்தானாம். அவர் வளர்ந்த இடத்தைக் காட்டு. அந்தக் காலத்துல அங்கே வந்து அடிச்சுக்கிட்டவங்க எல்லாரும் எங்கேயிருந்து கிளம்பினாங்கன்னு காட்டு" என்று ஆணையிட்டுவிட்டாள். விருந்தாளியை அழைத்துக்கொண்டு போய் நடுத்தெருவில் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்கு ஆகாது. அதனால் ஒரு ஒத்திகை.

முதலில் ஒரு விஷயம். இந்தப் பதிவில் யாருடைய உண்மைப் பெயரும் இருக்காது. என் கூட வந்தவர்கள் உயிரோடு இருப்பவர்கள். அவர்களுடைய பெயர்களை மாற்றியிருக்கிறேன். முந்நூற்றைம்பது வருடத்துக்கு முன் செத்தவர்களின் பெயர்களையும் விட்டுவிட்டேன். ஒரு தரப்புக்கு மட்டும் திரை போட்டால் நியாயமாக இருக்காது. தேடினால் எல்லாரும் எளிதில் கிடைப்பார்கள்.

கூட வந்தவர்கள் யோகநாதன் அண்ணாவும் அவர் மனைவி மங்கை அக்காவும். யாழ்ப்பாணத்துக்காரர்கள், வீடு ஸ்ட்ரெதமில். நான் அப்போது ஒரு கவுன்சிலில் கட்டடப் பொறியாளர்; அடுத்த மேசை அண்ணாவுடையது. அந்த வாரம் முழுவதும் அவர் மேசையில் உட்கார்ந்து பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். வெள்ளிக்கிழமை மதியம் நான் வரைபடத்தை விரித்து வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, நாங்களும் வாறம். நாளைக்கு நானும் மங்கையும் வீட்டிலை இருந்தால் சண்டைதான்" என்றார்.

சண்டை எதற்கென்று எனக்குத் தெரியும். தெற்கு லண்டனில் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து நாலு குடும்பங்கள் ஓர் அம்மன் கோயிலைத் தொடங்கியிருந்தன. நாலில் ஒன்று இவர்களுடையது. அண்ணா நிர்வாக சபையில் இருந்தார். அக்கா அங்கே வெள்ளிதோறும் விளக்கேற்றுவார், பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுப்பார். அந்த வருடம் இலங்கை அரசியலில் சபை ஒரு நிலைப்பாடு எடுத்தது. சிலர் ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு யார் எந்தப் பக்கம் என்று தெரியாமல் எல்லாரும் எல்லாரையும் சந்தேகித்தார்கள். கடைசியில் ஒரு தீர்மானம்: சபையில் இருப்பவர்கள் ஒவ்வொருவரும் அம்மனுக்கு முன் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யவேண்டும், 'சபையின் நிலைப்பாட்டோடு நிற்கிறேன், மற்றத் தரப்போடு எனக்குத் தொடர்பில்லை' என்று. செய்யாதவர் சபையில் இல்லை. குடும்பத்தோடு கோயிலிலும் இல்லை. நாள், நாங்கள் பயணம் போன மறுநாள் ஞாயிற்றுக்கிழமை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொன்ன சொல்லிலிருந்து எங்கள் திருநெல்வேலிப் பக்கமும் யாரும் பின்வாங்க மாட்டார்கள். மாடு திருடியவன்கூடப் பொய்ச் சத்தியத்துக்குப் பயந்து உண்மையைச் சொல்லிவிடுவான். வேடிக்கை என்னவென்றால், யோகநாதன் அண்ணாவின் அரசியல் கருத்தும் சபையின் கருத்தும் ஒன்றேதான். மற்றத் தரப்போடு அவருக்கு எந்தத் தொடர்பும் இல்லை. அவர் மறுத்தது கருத்தை அல்ல, கற்பூரத்தை. "அம்மனுக்கு முன்னாலை கை நீட்டுறது கும்பிடு. அதை ஒரு கமிட்டி தீர்மானம் போட்டு என்னட்டை வாங்க ஏலாது" என்பது அவர் வாதம். துரோகிதான் இப்படிப் பேசுவான் என்று அதற்குள் பேச்சு கிளம்பிவிட்டது.

சரி, பயணத்துக்கு வருவோம். கிங்ஸ்பரியிலிருந்து ஜுபிலி லைனில் பாண்ட் ஸ்ட்ரீட், அங்கே சென்ட்ரல் லைன் மாறி செயின்ட் பால்ஸ். ஏறக்குறைய ஐம்பது நிமிடம். ஒருநாள் டிராவல்கார்டு அப்போது நாலு பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. அவர்கள் இருவரும் ஸ்ட்ரெதமிலிருந்து ரயிலில் பிளாக்ஃபிரையர்ஸ் வந்து, அங்கிருந்து பத்து நிமிடம் நடந்து, பழைய நீதிமன்றத்துக்கு எதிரே இருக்கும் செயின்ட் செபல்கர் தேவாலயத்து வாசலில் எனக்கு முன்பே நின்றார்கள். அக்கா கையில் பெரிய பை. கோயில் திருவிழாக் காலம், மாமிசம் கிடையாது என்பதால் மரக்கறி ரோல்ஸ், மரக்கறி கட்லட், ஒரு பிளாஸ்க் தேநீர். இருவருக்கும் நடுவே இன்னொரு ஆள் நிற்கும் அளவுக்கு இடைவெளி.

இந்தத் தேவாலயத்தின் வட்டாரத்தில் வளர்ந்தவர்தான் கோமதி அக்காவின் ஊரைத் தொடங்கியவர். தையல் வியாபாரி ஒருவரின் மகன். அவர் சிறுவனாக இருந்தபோது பக்கத்து ஸ்மித்ஃபீல்ட் சந்தைத் திடலில் மதக்கருத்துக்காக ஒருவரை உயிரோடு எரித்திருக்கிறார்கள். வர்ஜீனியாக் குடியேற்றத்தின் புகழ்பெற்ற கேப்டன் ஒருவர் இந்தத் தேவாலயத்துக்குள்ளேயே புதைக்கப்பட்டிருக்கிறார். அவருக்கு ஒரு கண்ணாடிச் சித்திரம் உண்டு. தூக்குக் கைதிகளுக்கு முதல்நாள் இரவு அடிக்கும் மணி ஒன்றையும் வைத்திருக்கிறார்கள். அனுமதி இலவசம். இருபது நிமிடம் போதும்.

வாசல் படியில் நின்று நான் கதையைச் சொன்னேன். அரசரின் திருச்சபை முறைகளைச் சகிக்க முடியாமல் ஒரு கூட்டம் கடல் தாண்டி மசாசுசெட்ஸ் போனது. போய்ச் சேர்ந்ததும் அவர்கள் போட்ட முதல் சட்டங்களில் ஒன்று, திருச்சபை உறுப்பினருக்கு மட்டும்தான் வாக்கு. புகுந்த வீட்டில் பட்ட பாட்டையெல்லாம் மருமகள் வந்த மறுநாளே மறந்துபோகும் மாமியார்களை நமக்குத் தெரியும். இவர்களும் அந்த ரகம். அங்கே போன தையல்காரர் மகன் போதகராக இருந்தார். அரசாங்கம் எல்லாரிடமும் விசுவாசப் பிரமாணம் வாங்க முயன்றபோது, அது கூடாது என்றார். கடவுளைச் சாட்சிக்கு அழைப்பது ஒரு வழிபாடு, வழிபாட்டை அரசாங்கம் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அவர் நியாயம். இதையும் இன்னும் சிலவற்றையும் சொன்னதற்காக 1635இல் நாடுகடத்தத் தீர்ப்பானது.

யோகநாதன் அண்ணாவின் முகத்தைப் பார்க்கவேண்டுமே. லாட்டரி விழுந்தவர்கூட அப்படி மலர்ந்திருக்க மாட்டார்.

"கேட்டியே மங்கை? நான் சொன்னதைத்தான் அந்தாளும் சொல்லியிருக்கு. முந்நூற்றைம்பது வருசத்துக்கு முந்தி, வெள்ளைக்காரன்!"

அக்கா பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். "பிறகு என்ன நடந்தது, ராஜி?"

"குளிர்காலத்துல பனிக்குள்ள தப்பிச்சுப் போனார் அக்கா. வாரக்கணக்கா காட்டுல அலைஞ்சார். அந்த ஊர் பழங்குடி மக்கள்தான் காப்பாத்தினாங்க."

"அவரின்ரை மனிசி?"

நல்லவேளையாக அவர் மனைவியின் கதையை நான் படித்திருந்தேன். "வீட்டுல இருந்தாங்க. ரெண்டு பெண் குழந்தைங்க. சின்னது பிறந்து சில மாசம்தான் ஆகியிருந்தது. அப்புறம் போய்ச் சேர்ந்துக்கிட்டாங்க." அத்தோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க வராது. "அவரோட எதிரிங்க இன்னொண்ணும் எழுதி வச்சிருக்காங்க. மனைவி பழைய சபைக்கே போய்க்கிட்டு இருந்ததால, அவங்களோட சேர்ந்து ஜெபம் பண்ணவே மாட்டேன்னுட்டாராம். சாப்பாட்டு மேசையிலகூட."

"ஓமோ," என்றார் அக்கா, கணவரைப் பார்த்து. "நல்ல மனுசன்தான்."

அங்கிருந்து கோல்மன் ஸ்ட்ரீட் ஒரு கிலோமீட்டர் சுமார். சனிக்கிழமை லண்டன் நகரத்தின் இந்தப் பகுதி அடைத்த கடைத்தெருவாகக் கிடக்கும். அந்த வருடங்களில் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நகருக்குள் வரும் வண்டிகளைச் சாவடிகளில் நிறுத்திக் காவலர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடந்து போனவர்களை ஒன்றும் கேட்கவில்லை. அண்ணா மட்டும் பழக்கதோஷத்தில் சட்டைப்பையில் அடையாள அட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கொழும்பில் சோதனைச் சாவடிகளுக்கு நடுவே சில வருடம் இருந்தவர்.

கோல்மன் ஸ்ட்ரீட்டில் பார்க்க ஒன்றுமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய தேவாலயம் இரண்டாம் உலகப்போரில் குண்டு விழுந்து போய்விட்டது. எல்லாம் அலுவலகக் கட்டடங்கள். ஆனால் இங்கே இருந்த போதகர்தான் தன் சபையாரில் பலரைச் சேர்த்துக்கொண்டு போய் நியூ ஹேவன் குடியேற்றத்தைத் தொடங்கினார். அங்கேயும் சபைக்காரர்களுக்கு மட்டும்தான் வாக்கு. பல வருடம் மசாசுசெட்ஸில் வாழ்ந்துவிட்டுத் திரும்பிவந்த ஒரு பீப்பாய் செய்பவர், இனி கிறிஸ்துவைத் தவிர வேறு அரசர் கிடையாது என்று இதே தெருச் சந்திலிருந்து வாளோடு கிளம்பினார். 1661இல் அவரைத் தம் ஜெபக்கூடத்துக்கு எதிரிலேயே தூக்கிலிட்டார்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் இந்த இடத்தை விட்டுவிடலாம்.

இந்த நடையில்தான் சண்டை வாய்விட்டு நடந்தது. நான் ஐந்தடி முன்னால் நடந்தேன். காது என்னவோ பின்னால்தான் இருந்தது.

"ஒரு சின்னக் கற்பூரம். ஒரு வசனம். அதுவும் பொய் வசனமே? நீங்கள் நினைக்கிறதைத்தானே சொல்லச் சொல்லினம்."

"அதுதான் மங்கை பிரச்சினை. உண்மையைச் சொல்ல என்னத்துக்குக் கற்பூரம்?"

"இஞ்சாருங்கோ, நான் இஞ்சை வந்து இறங்கேக்கை ஒரு கோட்டும் இல்லை. எனக்குக் கோட்டுத் தந்தது ஆர்? பிள்ளைப்பெறுவுக்கு நீங்கள் நைட் ஷிப்ட். ஆஸ்பத்திரியிலை என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது ஆர்? கோயில் பெண்டுகள். உங்களுக்கு அது சபை. எனக்கு அது தாய்வீடு. நாளைக்கு அவையள் வாசலைச் சாத்தினால் நான் எங்கை போறது?"

எனக்கு அப்போது அக்கா பக்கம்தான் நியாயம் என்று பட்டது.

டவர் ஹில் வரை இருபது நிமிட நடை. டவர் கோட்டைக்கு அன்றும் நீண்ட வரிசை. நாங்கள் அங்கே போகவில்லை. சாலைக்கு இந்தப் பக்கம் டிரினிட்டி சதுக்கத் தோட்டத்தில் தலைவெட்டு மேடை இருந்த இடத்தைக் கல் பதித்துக் காட்டியிருக்கிறார்கள். காசு கிடையாது, கூட்டமும் கிடையாது. மசாசுசெட்ஸ் போனவர்களைக் கடல் தாண்ட விரட்டிய பேராயரின் தலை இந்த மேட்டில்தான் போனது. மசாசுசெட்ஸுக்குப் போய் இருபத்துமூன்று வயதில் கவர்னராகி, பிறகு திரும்பிவந்த ஒருவரின் தலையும் 1662இல் இங்கேதான். அவர் கடைசியாகப் பேச ஆரம்பித்தபோது, சொல்வது கூட்டத்துக்குக் கேட்கக் கூடாதென்று எக்காளம் ஊதினார்களாம்.

அந்த இளம் கவர்னர் பதவியிழந்த கதையைச் சொன்னேன். பாஸ்டனில் ஒரு பெண், வீட்டில் கூட்டம் கூட்டி வேதம் பேசினார். போதகர்களையே குறை சொன்னார். கவர்னர் அந்தப் பெண் பக்கம். ஊரே இரண்டானது. 1637இல் தேர்தல் வந்தபோது அவருக்கு ஆதரவான பாஸ்டனில் நடத்தாமல், ஆற்றுக்கு அப்பால் வேறு ஊரில் வைத்தார்கள். ஒரு போதகர் மரத்தில் ஏறி நின்று பேசினாராம். கவர்னர் தோற்றார். அந்தப் பெண்ணை விசாரித்து ஊரைவிட்டே துரத்தினார்கள்.

யோகநாதன் அண்ணா புல்லில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினார். அந்த வாரத்தில் அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். "தங்கச்சி, நாளையான் கூட்டம் எங்கை தெரியுமோ? எனக்காகக் கதைக்கக்கூடிய எங்கடை ஆக்கள் முழுக்க ஸ்ட்ரெதம் பக்கம். கூட்டத்தை வைச்சிருக்கிறது கோயில் மண்டபத்திலை இல்லை, வடக்கை உங்கடை கிங்ஸ்பரியிலை! பள்ளிக்கூட மண்டபத்திலை. மரம் ஒண்டுதான் குறை."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "அந்தப் பொம்பிளை கலியாணம் கட்டினவவோ?" என்று கேட்டார்.

"ஆமாக்கா. நிறையக் குழந்தைங்க."

"புருசன் என்ன செய்தவர்?"

"கூடவே போயிட்டார். பெரிய வியாபாரி. எல்லாத்தையும் விட்டுட்டு அவங்க கூட ரோட் ஐலண்ட் போனார். பின்னாடி பாஸ்டன் சபையிலேருந்து ஆள் அனுப்பிப் பேசிப் பார்த்தாங்களாம். அவர், 'எனக்குச் சபையோட இருக்கிற பந்தத்தைவிட என் மனைவியோட இருக்கிற பந்தம்தான் நெருக்கம்' அப்படின்னுட்டாராம்."

அக்கா ஆளுக்கொரு ரோல்ஸ் எடுத்துக்கொடுத்தார். அண்ணா தன்னுடையதைக் கடிக்காமல் வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

டவர் ஹில்லில் டிஸ்ட்ரிக்ட் லைன் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் வைட்சேப்பல். அங்கே ஈஸ்ட் லண்டன் லைன். மூன்றாவது நிறுத்தம் ரோதர்ஹைத். அடுத்த வருடம் அந்த லைனைப் பழுதுபார்க்க மூடிவிட்டார்கள். நாங்கள் போனது நல்ல வேளை. நிலையத்திலிருந்து ஆற்றங்கரை மூன்று நிமிடம். மேஃபிளவர் கப்பல் 1620இல் இங்கிருந்துதான் அமெரிக்காவுக்குக் கிளம்பியது. அதன் கேப்டன், எதிரே உள்ள தேவாலயத்து முற்றத்தில் புதைக்கப்பட்டிருக்கிறார். கப்பலில் போனவர்கள் மசாசுசெட்ஸ் கூட்டத்துக்குப் பத்து வருடம் மூத்த, வேறொரு கூட்டம். கோமதி அக்கா இதைக் குழப்பிக்கொள்வாள் என்று தெரியும், நீங்கள் குழப்பிக்கொள்ளாதீர்கள். துறையை ஒட்டிய பழைய மதுக்கடையில் அமெரிக்கத் தபால்தலை விற்றார்கள். ஒன்று வாங்கினேன். லண்டனில் அதை எங்கே ஒட்டுவது என்று பிறகுதான் யோசித்தேன்.

நீர் வடிந்திருந்த நேரம். தேம்ஸ் பழுப்பாக ஒதுங்கிப்போய் சேறு தெரிந்தது. படித்துறையில் நின்றபடி அண்ணா, யாரிடமோ சொல்வதைப்போல, "நாளைக்குச் செய்யிறன் மங்கை" என்றார்.

"என்னத்தை?"

"சத்தியத்தை. உனக்காகச் செய்யிறன். எனக்கு நீயா கற்பூரமா எண்டால், நீதான்."

சண்டை தீர்ந்தது என்று நான் நிம்மதியாகத் தபால்தலையைப் பத்திரப்படுத்தினேன். மங்கை அக்கா சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பும் ரயிலில் இருவரும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

வழித்தகவல் மட்டும் வேண்டியவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். மொத்த நடை ஐந்து கிலோமீட்டருக்குள்தான். சாப்பாடு கையோடு கொண்டுபோங்கள்; வார இறுதியில் நகரப் பகுதியில் கடை திறந்திருப்பதை நம்பாதீர்கள். ரோதர்ஹைத்துக்கு இப்போது ஓவர்கிரவுண்ட் ரயில் போகிறது, பழையபடி வைட்சேப்பலில் மாறலாம். தேவாலயங்கள் திறக்கும் நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஆற்றங்கரைக்கு நீர் ஏறியிருக்கும்போது போனால் அழகாக இருக்கும். எங்களைப்போல் சேற்றைப் பார்க்கப் போகாதீர்கள். பத்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளிடம் தலைவெட்டுக் கதையைச் சொல்லலாம், நன்றாகவே ரசிப்பார்கள். விசுவாசப் பிரமாணக் கதைக்குத்தான் கொட்டாவி விடுவார்கள்.

மறுநாள் நடந்ததையும் எழுதாமல் விட்டால் இந்தப் பயணம் எனக்கு முடியாது.

கூட்டம் மாலை ஐந்துக்கு. மண்டபம் என் வீட்டிலிருந்து நடக்கும் தூரம் என்பதால் இருவரும் முதலில் என் வீட்டுக்குத் தேநீருக்கு வந்தார்கள். அக்கா பட்டுச்சேலை. நானும் கூடப் போனேன். எனக்கு வாக்குமில்லை, வேலையுமில்லை; பின்வரிசையில் பெண்களோடு உட்கார்ந்தேன். கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே ஒரு மேசை, அதில் பட்டுத்துணி, அம்மன் படம். புகை எச்சரிக்கை மணி அடித்துவிடும், சின்னத் துண்டுதான் கொளுத்தவேண்டும் என்று பள்ளிக் காவலாளி இரண்டு தடவை வந்து எச்சரித்தார். குருக்கள் ஐயா தட்டை ஏந்திக்கொண்டு, எப்போது வீட்டுக்குப் போகலாம் என்ற முகத்தோடு நின்றார்.

சபைத் தலைவர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். ஒரு கட்டி கற்பூரம், ஒரு வசனம், நெருப்பின்மேல் உள்ளங்கையால் ஒரு அடி. புகை மணி அடிக்கவில்லை. சிலர் வசனத்தை உரக்கச் சொன்னார்கள், சிலர் முணுமுணுத்தார்கள். யாரும் யார் கண்ணையும் பார்க்கவில்லை. யோகநாதன் அண்ணாவின் பெயர் வந்ததும் மண்டபத்தில் நாற்காலிகள் கிரீச்சிடுவது நின்றது. அவர் எழுந்து போனார். குருக்கள் புதுக் கட்டியைக் கொளுத்தினார். அண்ணா நெருப்புக்கு மேல் கையை நீட்டினார். நம்பாத ஒன்றைச் சொல்லப்போகும் கை அல்ல அது. நம்புவதையே கட்டாயத்துக்காகச் சொல்லப்போகிற கை. அவ்வளவு நேரம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அப்போது கோபம் வந்தது.

எனக்குப் பக்கத்தில் இருந்த மங்கை அக்கா எழுந்தார். ஓடவில்லை, வெள்ளிக்கிழமைகளில் விளக்கேற்றப் போகும் அதே நடை. யாரும் தடுக்கத் தோன்றாமல் வழிவிட்டார்கள். அண்ணா வாயைத் திறக்குமுன் அக்கா தன் உள்ளங்கையை நெருப்பின்மேல் வைத்து அமர்த்தினார்.

"இவர் ஒருத்தருக்கும் துரோகம் செய்யேல்லை. இது என்ரை சத்தியம்."

தலைவர் பாவம், தடுமாறிப்போனார். "அக்கா, உங்களிட்டை ஒருத்தரும் கேக்கேல்லையே."

"ஓம். கேக்கேல்லை," என்றார் அக்கா. "வாங்கோ, போவம்" என்று கணவரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். பின்னால் தலைவர் வேறு கற்பூரம் கொளுத்தச் சொல்வது கேட்டது. குருக்கள் ஐயா கொளுத்தாமல் தட்டை மேசையில் வைத்துவிட்டார் என்று பிறகு சொன்னார்கள்.

என் வீட்டுக் குழாயடியில் அக்காவின் கையைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டு நின்றேன். நடுவில் சிவந்து, ஓரம் கொப்பளிக்கத் தொடங்கியிருந்தது. "அவர் சத்தியம் பண்ணணும்னு நீங்கதானேக்கா சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"ஓம். நேற்றுப் பின்னேரம் வரைக்கும் சொன்னனான். எனக்காகச் செய்யிறன் எண்டு அவர் சொன்னாப்பிறகு ராத்திரி முழுக்க நித்திரை இல்லை. அம்மனுக்கு முன்னாலை என்னை நினைச்சுக்கொண்டு கை நீட்டினால், அது என்ன கும்பிடு, ராஜி?"

"இப்போ வாசலைச் சாத்திடுவாங்களே."

"சாத்துவினம்," என்றார் அக்கா. முன்னறையில் அண்ணா, அக்காவின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சாத்தினார்கள். புதன்கிழமைக்குள் தேவார வகுப்பு வேறொருவருக்குப் போனது. வீட்டுத் தொலைபேசி அடிப்பது நின்றது. வெள்ளிக்கிழமை நான் அலுவலகத்திலிருந்து நேராக அவர்களோடு வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போனேன். ஸ்ட்ரெதமிலிருந்து இரண்டு இடத்தில் ரயில் மாறவேண்டும், ஒன்றேகால் மணி நேரம் ஆகும். பெரிய கூட்டம். வரிசையில் நின்று, உள்ளே போய், தீபம் பார்த்து, திருநீறு வாங்கினோம். நீங்கள் யார், எந்தப் பக்கம் என்று எங்களை ஒருவர் கேட்கவில்லை. அண்ணாவுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது, வாய்விட்டே சொன்னார். பக்கத்தில் யாரோ தேவாரம் தொடங்கினார்கள். மங்கை அக்கா கட்டுப்போட்ட கையைக் குவித்துக்கொண்டு, யாராவது தன்னைப் பாடச் சொல்வார்களா என்று சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். யாரும் சொல்லவில்லை. யாருக்கும் அவரைத் தெரியாது. அவர் அங்கேயே நின்று சத்தமில்லாமல் அழுதார்.